பெல்ட்டில் துவாரம் இல்லை

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது தலைமைக் காவலர். சென்ற ஞாயிறன்று வந்தவன், "பெல்ட்டில் இனித் துவாரம் பாக்கியில்லை, ஸார்!" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் தேசத்து ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர். இரத்த அழுத்தம் 130-க்கு 85. வெறும் வயிற்றில் சர்க்கரை 100. இம்மூன்று எல்லைகளையும் தாண்டியவனுக்கு நீரிழிவும் இருதய நோயும் வெகு தூரத்தில் இல்லை என்பார்கள் வைத்தியர்கள். அவன் மூன்றையும் தாண்டியிருந்தான்.

திருடனைத் துரத்துகிறவனுக்கா இப்படி என்று கேட்பீர்கள். துரத்துவது என்றோ ஒரு நாள்தான்! மற்ற நாளெல்லாம் பந்தோபஸ்தில் கால்கடுக்க நிற்பதும், நடுநிசியில் பரோட்டாவும், விடிந்தபின் அரைத் தூக்கமுமே. பகலில் ஏற்கும் சர்க்கரையை உடல் இரவில் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

2021-ல் தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுமுறை அளித்து உத்தரவு பிறந்தது. "இன்று அந்த விடுமுறைதான், ஸார்" என்றான். சர்க்கரையில்லாத காப்பிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாற்காலியிலேயே உறங்கிப் போயிருந்தான்.