வசதிப்படாது

“அங்கே உனக்கு வசதிப்படாது.” இப்படிச் சொல்லித்தான் ஒருமுறை என் குழுவிலிருந்த ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். வடக்கே ஒரு சுரங்கத்தில் சர்வர்களை மாற்றும் வேலை, ஆறு வாரம். தகரக் கொட்டகை, எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. நல்லது செய்வதாகவே நினைத்தேன். “என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா அண்ணா?” என்றாள். பதில் சொல்லாமல் அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

சென்ற குளிர்காலத்தில் லோயிஸ் ஜோன்ஸ் பற்றிப் படித்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. நான் முதுகலை படித்த அதே ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவிவேதியியலாளர். அந்த வளாகத்தில் இருந்த காலமெல்லாம் அவர் பெயர் என் காதில் விழுந்ததில்லை.

அன்டார்க்டிகாவில் பனி மூடாத வறண்ட பள்ளத்தாக்குகள் உண்டு. அங்கே வாண்டா என்றொரு ஏரி. மேலே பனிக்கட்டி, அடியிலோ ஏறக்குறைய 25 டிகிரி வெப்பத்தில், கடலைவிடக் கரிக்கும் நீர். அந்த உப்பு எங்கிருந்து வந்தது? கடலிலிருந்தா, பாறையிலிருந்தா? ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளை வைத்து அதைத் தேடியதுதான் ஜோன்ஸின் முனைவர் பட்ட ஆய்வு. ஆனால் மாதிரிகளை எடுத்துவந்தவர்கள் ஆண்கள். போக்குவரத்து அமெரிக்கக் கடற்படையின் கையில் இருந்தது. பெண்களை அது ஏற்றிச் செல்லவில்லை. சொன்ன காரணங்களில் ஒன்று, பெண்களுக்கேற்ற வசதி அங்கே இல்லை என்பது. சோவியத் கடல் புவியியலாளர் மரியா கிளெனோவா 1956லேயே அங்கே போய் வேலை பார்த்திருந்தார். அது யார் கண்ணிலும் படவில்லை போலும்.

1969இல் தடை தளர்ந்தது, பெண்கள் மட்டுமே உள்ள குழுவாக இருந்தால். ஜோன்ஸ் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போனார். அந்த நவம்பரில் அந்த நால்வரும் ஒரு நியூசிலாந்துப் பெண்ணும் ஒரு பத்திரிகையாளரும் தென் துருவத்தில் இறங்கினார்கள். யார் முதலில் என்ற பேச்சே வரக்கூடாதென்று ஆறு பேரும் கைகோத்து ஒன்றாகக் கால்வைத்தார்கள். துருவத்தில் இருந்தது கொஞ்ச நேரம்தான். மற்றபடி பள்ளத்தாக்கில் கூடாரம், பாறை, மூட்டை சுமப்பது.

பிரிட்டனின் அன்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தில் புவியியலாளர் ஜேனட் தாம்சன் களத்துக்குப் போக 1983 வரை காத்திருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் மூன்றாவது பயணக்குழு கிளம்பியது. சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்த்தும் அதில் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு அது மூன்றாவது பயணம்தான். வெள்ளைக்காரன் முந்திக்கொள்வான் என்ற என் பழைய கணக்கு இங்கே பலிக்கவில்லை.

அந்த ஆறு பேரின் புகைப்படத்தை அவளுக்கு அனுப்பினேன். இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி, அழித்து, கடைசியில் ஒரு வரி மட்டும் எழுதினேன்: அன்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. “இதிலே ரொம்பச் சின்னவங்க யாரு அண்ணா?” என்று மட்டும் கேட்டிருந்தாள்.

டெர்ரி டிக்ஹில், இளங்கலை மாணவி, 19 வயது என்று பதில் போட்டேன்.