விமானம் ஓட்டிய கரடி

கோவில்பட்டியில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதே பசை வாடையில்தான். ஆச்சி மைதாமாவைக் கரைத்து, மயில்துத்தம் ஒரு துண்டு நுணுக்கிப் போட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டி இறக்கிவைப்பாள். அந்த வாடையும், புறவாசலில் அண்ணன் வாய் கொப்பளிக்கிற சத்தமும் சேர்ந்து வரும்போது நான் பாயைச் சுருட்டி முடித்திருப்பேன். மற்ற நாளில் எழுப்புவதற்கு ஆச்சி நாலு தடவை கத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரும் எழுப்ப வேண்டாம். அன்றைக்கு டி.வி.யில் காடு வரும்.

டி.வி. என்றால் கறுப்பு வெள்ளை சாலிடேர். இழுத்துச் சாத்துகிற மரக்கதவு போட்ட பெட்டிக்குள் இருக்கும். சாவி ஆச்சியின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடக்கும். பெரியப்பா மகன் அண்ணன் மச்சுக்கு ஏறி ஆன்டெனாக் கம்பியைக் கொடைக்கானல் பக்கமாகத் திருப்ப, நான் வாசல்படியில் நின்று "இன்னும் இன்னும்... போச்சு, பழையபடி வைண்ணே" என்று தொண்டை கிழியக் கத்த, அதைக் கேட்டே தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆச்சி யாரையும் விரட்டமாட்டாள். ஆனால் அவளிடம் ஒரு சட்டம் உண்டு: படம் பார்க்கிற பிள்ளை தீப்பெட்டி ஒட்ட வேண்டும். ஆளுக்கொரு கிண்ணம் பசை, நடுவில் ஒரு குவியல் அட்டை. கண் திரையில் இருக்க, விரல் தன்பாட்டுக்கு அடிப்பெட்டியை மடித்து, தாளைச் சுற்றி, நீவி, முறத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். ஷேர்கான் பாய்கிற இடத்தில் மட்டும் எல்லாக் கைகளும் நின்றுவிடும். ஆச்சி தலையை நிமிர்த்தாமலே, "புலி உங்களத் திங்காது, ஒட்டுங்கல" என்பாள்.

அது 'ஜங்கிள் புக்' கதையை வைத்து ஜப்பானியர்கள் செய்த தொடர் என்பதும், நிப்பான் அனிமேஷன் என்ற நிறுவனம் 52 பகுதிகளாக எடுத்தது என்பதும் பின்னால் தெரிந்துகொண்டவை. எங்களுக்கு அது இந்தியில் வந்தது. ஷேர்கானுக்கு நானா படேகர் குரல் கொடுத்திருந்தார். ஒரு வார்த்தை புரியாமலேயே அந்தக் குரலுக்கு முதுகு சில்லிடும். தொடக்கப் பாட்டு குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்தது. நாங்கள் அதை எங்களுக்கு வாய்த்த சொற்களைப் போட்டுப் பாடினோம், தெருவுக்குத் தெரு வேறுவேறு பாட்டாக. அர்த்தம் சொல்ல எதிர்வீட்டு இந்தி அக்கா இருந்தாள். பிரசார சபாவில் மத்தியமா பாஸ் பண்ணியவள். "அந்தக் கரடி மோக்லிய வையுது. ஏதோ சட்டம்ங்குது" என்று பாதி வரைக்கும்தான் அவளும் சொல்வாள். அந்த மீதிப் பாதி ஆச்சியின் பொறுப்பு. இந்தியும் தெரியாது, எழுத்தும் தெரியாது, என்றாலும் யார் யாருக்கு உறவு, எதற்குச் சண்டை என்று அவள் சொன்ன கதையில் ஒரு இடத்திலும் இடிக்காது.

இந்த மாதிரி நாங்கள் மோக்லியோடும் கரடி பாலுவோடும் பழகி வந்த காலத்தில், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்னி படங்கள் வர ஆரம்பித்தன. முதலில் வாத்துகள், தங்கக்காசுக் குவியலில் நீச்சலடிக்கிற ஸ்க்ரூஜ் மாமாவும் மூன்று பொடியன்களும். பிறகு ஒரு விமானம் பறந்து வந்து தண்ணீரில் இறங்கியது. ஓட்டுகிறவன் தலையில் பைலட் தொப்பி. தொப்பிக்குக் கீழே பார்த்தால் பாலு.

யாரும் பெட்டி ஒட்டவில்லை. "ஏ, இது நம்ம பாலுல்லா?" என்று யாரோ கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சட்டை போட்டிருந்தான், காடு இல்லை, பகீரா இல்லை. எனக்கு வேறு ஒன்றுதான் பெரிதாகப் பட்டது.

"ஆச்சி, மோக்லி எங்க?"

ஆச்சி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவன் பெரிய பயலாயி பம்பாய்க்குச் சோலிக்குப் போயிட்டாம்ல. கரடி தனியா கெடந்து என்ன செய்யும்? அதான் பிளசர் ஓட்டுத மாதிரி ஏரோப்ளேன் ஓட்டுது."

எங்கள் அப்பாவும் அம்மாவும் அப்போது பம்பாயில் இருந்தார்கள், தாராவியில். அதனால் அந்தப் பதில் எனக்கு உடனே சரியென்று பட்டது. மோக்லி பத்திரமாகத்தான் இருப்பான், தீபாவளிக்கு வருவான்.

ஆனால் அடுத்த வாரமே விமானத்தில் இன்னொரு பையன் இருப்பதைப் பார்த்தோம். கிட். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்ட கரடிக்குட்டி. வானக் கொள்ளைக்காரர்களோடு சுற்றிக்கொண்டிருந்தவன், அவர்களை விட்டு ஓடி வந்து பாலுவிடம் ஒட்டிக்கொண்டான். பாலுவின் கம்பெனி கடனில் முழுகி, ரெபெக்கா என்ற அம்மாள் அதை வாங்கி நடத்துகிறாள். அவளுக்கு மோலி என்று ஒரு சின்னப் பெண். ஆக அந்த வீட்டில் யாருக்கும் யாரும் ரத்த உறவு இல்லை, அந்தத் தாயையும் மகளையும் தவிர. ஆச்சிக்கு அந்தப் படம் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். "பாத்தியா, ஒருத்தன வளத்து அனுப்பிட்டு அடுத்தவனக் கூட்டிட்டு வந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே அன்று எனக்கும் அண்ணனுக்கும் ஒன்றுக்கு இரண்டாகக் கடலைமிட்டாய் கொடுத்தாள். அந்த மிட்டாயை உடைத்தால் பாகு நூலாக இழுக்கும். பசை காய்ந்த விரலோடு தின்றால் மயில்துத்தம் நாக்கில் பட்டுவிடும் என்று சாம்பல் போட்டுக் கையைத் தேய்க்கச் சொல்வாள்.

கிட் செய்கிற ஒரு வித்தை எங்களைக் கிறுக்காக்கியது. பிறை மாதிரி ஒரு தகடு, மடித்து வைத்துக்கொள்ளலாம். அதை விரித்துக் காலடியில் போட்டு, விமானத்தின் பின்னாலிருந்து வருகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போவான். எங்களிடம் மேகமும் இல்லை, விமானமும் இல்லை. மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த அரைச்சைக்கிள் இருந்தது, கிணற்றுக் கயிறு இருந்தது, அகலமான தென்னைமட்டை இருந்தது. அண்ணன் மிதிப்பான், கயிற்றின் இந்தப்பக்கம் நான், மட்டையின் மேல் இரண்டு காலையும் அகட்டி நின்றுகொண்டு. கரிசல் புழுதி கணுக்கால் வரை எழும்பும். ஊருணிக் கரை இறக்கத்தில் நாலைந்து கஜம் நிஜமாகவே வழுக்கிக்கொண்டு போவேன், காதில் காற்று அடிக்கும், அதற்குப் பிறகு விழுவேன். முழங்கை சிராய்த்து, சட்டைப் பித்தான் அறுந்து வீட்டுக்கு வந்தால் ஆச்சி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "கரடிப்பய நல்லாத்தான் கத்துக் குடுத்திருக்கான்" என்பாள்.

அந்தத் தொடர் 'டேல்ஸ்பின்'. அமெரிக்காவில் 1990-இல் தொடங்கி அடுத்த வருடமே 65 பகுதிகளும் முடிந்துவிட்டன. ஜிம் மேகனும் மார்க் ஸாஸ்லோவும் உருவாக்கியது. அவர்கள் எடுத்துக்கொண்ட பாலு, 1967-இல் வந்த டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' படத்துப் பாலு. ஜப்பான் பாலுவும் டிஸ்னி பாலுவும் வேறுவேறு வீட்டில் வளர்ந்த பேரன்கள். இரண்டு பேருக்கும் தாத்தா கிப்ளிங். எங்கள் தெருவில் இதெல்லாம் தெரியாமல் இரண்டு பேரையும் ஒரே கரடியாக ஆக்கிவிட்டிருந்தோம்.

இதில் என்னை இன்றைக்கும் வியக்கவைப்பது லூயியின் சமாச்சாரம்தான். கிப்ளிங்கின் கதையில் குரங்குகளுக்கு ராஜாவே கிடையாது. சியோனிக் காட்டில் உராங்குட்டானும் கிடையாது. 1967 படம்தான் லூயி என்ற உராங்குட்டானைப் படைத்து ராஜாவாக்கியது. 'டேல்ஸ்பின்' அந்த ராஜாவைக் கொண்டுபோய் ஒரு தீவில் ஹோட்டல் வைக்கவிட்டது, பறக்கிறவர்கள் எல்லாம் இறங்கி ஆட்டம்பாட்டமாக இருந்துவிட்டுப் போகிற ஹோட்டல். ஷேர்கானுக்குக் கோட்டு சூட்டு மாட்டிப் பெரிய முதலாளியாக உயரமான கட்டடத்தில் உட்காரவைத்தது. அவன் பாயவே வேண்டாம், பேசினாலே போதும், எதிரில் இருக்கிறவனுக்கு வேர்த்துவிடும். சிறுவயதில் இந்த ஷேர்கானைப் பார்த்ததும் எங்கள் கூட்டத்தில் ஒருவன், இது தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி என்றான். இந்தி அக்காவின் உதவியில்லாமலே எல்லோருக்கும் விளங்கியது.

கிளைத்தொடர் என்றால் எனக்கு இப்படி இருக்க வேண்டும். பெயரும் முகமும் மட்டும் பழையதாக இருந்தால் போதாது, ஆளின் குணம் வர வேண்டும். மற்றதை எல்லாம் தைரியமாக மாற்றலாம். 1996-இல் அதே பாலுவையும் பகீராவையும் குட்டிகளாக்கி 'ஜங்கிள் கப்ஸ்' என்று எடுத்தார்கள். 2003-இல் 'ஜங்கிள் புக் 2' வந்தது. இரண்டிலும் காடு அப்படியே இருந்தது, எனக்கு ஒட்டவில்லை. காட்டையே கழற்றிவிட்ட 'டேல்ஸ்பின்'னில்தான் பாலு முழுசாக இருந்தான்: சோம்பேறி, வாய்ச்சவடால், சாப்பாட்டு ராமன், ஒரு பிள்ளை மேல் பாசம் வைத்துவிட்டால் உயிரையும் கொடுக்கிறவன். மலைகள் சுவர்போல நிற்கிற துறைமுகம், நடுவில் ஒரே ஒரு பிளவு, அதில் பீரங்கிக் காவல், அந்தச் சந்துக்குள் அவன் விமானத்தைச் சாய்த்து நுழைக்கிற விதம், எல்லாமே புதிது. ஆனாலும் பார்த்தவுடன் நம்ம பாலு என்று சொல்லிவிடலாம்.

வேலைக்குப் போன பிறகுதான் அதை வண்ணத்தில் பார்த்தேன். விமானம் நல்ல மஞ்சள். இத்தனை வருடம் என் மனதில் அது சாம்பல் நிறத்தில் பறந்துகொண்டிருந்தது. பாலு மட்டும் அன்றைக்குப் பார்த்த மாதிரியே சாம்பலாக இருந்தான்.

2017-இல் 'டக்டேல்ஸ்' என்ற அந்த வாத்துத் தொடரைப் புதிதாக எடுத்தபோது, அதன் மூன்றாவது பருவத்தில் ஒரு கதைக்குள் கிட் வந்தான். வளர்ந்த ஆளாக. மோலியும் வந்தாள், அவளும் பெரியவளாகி. பாலு வேலை பார்த்த கம்பெனியை இப்போது கிட்தான் நடத்துகிறான். பார்த்து முடித்த கையோடு அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற இரைச்சல். விஷயத்தைச் சொன்னதும், "ஏலே, கம்பெனிய அவன்ட்டயா குடுத்துட்டான்?" என்று கத்தினான். "அப்பம் பாலு என்ன செய்யுதானாம்?" நேரில் வரவில்லை என்றேன்.

"பம்பாய்க்குப் போயிருப்பாம்ல. அவனப் பாக்க."

அதற்குப் பிறகு கால் மணி நேரம், பாலுவுக்கு இந்த வயசில் கடல் விமானத்தை ஜுஹுவில் இறக்க முடியுமா, இல்லை எலிபெண்டா பக்கம்தான் சரிப்படுமா என்று பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் ஜுஹுதான் என்று ஒரே பிடியாக நின்றான். எனக்கு அது சம்மதமில்லை. அங்கே கூட்டம் அதிகம்.