வாளியில் வந்த பழங்கள்

மலேசியாவின் புக்கிட் தெங்காவில் எங்கள் வரிசை வீடுகளின் கொய்யாவும் பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழமும் ஒரு பருவம் முழுக்கப் புழுத்துப் போனதில் என் பங்கு உண்டு. அது தெரிந்தும் பேசாமல் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா தன் கொய்யா மரத்தைக் குறை சொன்னபோது தலையை வேறு ஆட்டினேன்.

குளவி வளர்க்கப் போய் வந்த வினை அது. போபியஸ் அரிசானஸ் என்ற அந்தக் குளவி இந்த மண்ணுக்கும் உரியது, எறும்பளவுதான் இருக்கும். பழத்தில் பழ ஈ முட்டையிட்ட இடத்தை மோப்பம் பிடித்து, அந்த முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். ஈயின் புழு வழக்கம்போலப் பொரிந்து, பழத்தைத் தின்று, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். கூட்டை உடைத்துக்கொண்டு வருவது மட்டும் ஈயல்ல, குளவி. கையிலிருக்கும் பழம் இதனால் தப்பாது, அடுத்த தலைமுறை ஈதான் குறையும். 1940களின் பிற்பகுதியில் ஹவாய்த் தோட்டங்களைப் பழ ஈ சூறையாடியபோது, மலாயாவிலிருந்து கொண்டுபோன ஒட்டுண்ணிகளில் அங்கே நிலைத்து நின்று ஈயை அடக்கியதில் முதன்மையானது இதுவே. பின்னர் தாஹித்திக்கும் போய்ச் சேர்ந்தது. இங்கே செர்டாங்கில் பெலிம்பிங்கைத் தாக்கும் ஈயையும் அதன் ஒட்டுண்ணிகளையும் பற்றிப் பூச்சி ஆய்வாளர் எஸ். விஜயசேகரன் 1984இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். கடல் தாண்டிக் கொண்டுபோன பூச்சி நம் புறக்கடையில் தானாகவே பறக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

குளவியை ஆய்வுக்கூட முறையில் வளர்க்க வேண்டுமானால் ஈயையும் சேர்த்தே வளர்க்க வேண்டும், வீட்டில் நடக்காது. ஹவாயில் எளிய வழி ஒன்று கண்டார்கள். விழுந்த பழங்களை வலைக் கூடாரத்துக்குள் கொட்டிவிடுவது. வலைக்கண் வழியே குளவி வெளியேறும், பெரிய ஈ உள்ளேயே சாகும். அப்படி ஒன்றை நானும் தைத்தேன். குடியிருப்பு முழுக்கச் சொல்லி, விழுந்த பழங்களைக் கேட்டு வாங்கினேன். அக்கா வாளி வாளியாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

கூடாரத்தின் ஓரத்தை மண்ணில் ஆழப் புதைக்க வேண்டும். முற்றிய புழு பழத்தை விட்டு வெளியேறி, உடலை வில்லாய் வளைத்துத் துள்ளித் துள்ளி மண்ணைத் தேடிப் போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செங்கல்லை வரிசையாக வைத்து விட்டுவிட்டேன். வேலை முடிந்து வரும் களைப்பில், ஞாயிறு வந்தால் தோண்டலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு பெருமழைக்குப் பிறகு பார்த்தபோது செங்கல்லுக்கு அடியில் மண் அரித்துக் கிடந்தது. வெளிப்பக்கத்து ஈரமண்ணைக் கிளறினால் எங்கும் பழுப்புக் கூடுகள், பாதிக்கு மேல் ஏற்கெனவே திறந்தவை. ஊர் ஈயையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, ஊருக்கே திருப்பி விட்டிருக்கிறேன்.

அன்றிரவே கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டினேன். கேட்டவர்களிடம் வலை கிழிந்துவிட்டது என்றேன். ஈ எங்கிருந்தும் பறந்து வரும், என் கூடாரத்திலிருந்துதான் வந்தது என்று யார் சொல்ல முடியும் என எனக்கு நானே வாதாடினேன். உண்மையில் வெட்கம்தான் வாயைக் கட்டியது. வீடு வீடாகப் போய்க் குளவியின் அருமையை விளக்கியவன் நான்.

அக்கா காய்களைப் பிஞ்சிலேயே தாளில் சுற்றிப் பார்த்தார். எட்டாத கிளைகளில் புழு விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் மருந்து வாங்கி அடித்தார். அதில் குளவிகளும் செத்திருக்கும். மருந்து அடிக்க வேண்டாம் என்று முன்பெல்லாம் ஊருக்குச் சொன்ன நான் அன்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். பிறகு ஆளை வைத்து மரத்தையே வெட்டினார். கிளைகளை இழுத்துப் போட நானும் கைகொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

சொன்னது வெகுகாலம் கழித்து. செங்கல், மழை, கூடுகள், வலை கிழிந்தது என்ற பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா திட்டவில்லை. "மரம் நிக்கும்போதே சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்டேனே தம்பி" என்றார்.