முன்பாரம், பின்பாரம்: வெண்ணந்தூர்க் கிழங்கு வண்டிகள்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், ராசிபுரம் வட்டத்து வெண்ணந்தூர். ஊருக்குள் விசைத்தறிச் சத்தம்; ஊரைத் தாண்டினால் மரவள்ளிக் காடு; தூரத்தில் அலவாய்மலை. கிழங்கு பிடுங்கும் நாட்களில் சாலையெங்கும் டிராக்டர் டிரெய்லர்கள்தான்.

பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் கெடத் தொடங்கிவிடும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. அதனால் எல்லோருக்கும் அவசரம்; ஒரே நடையில் முடிக்க அளவுக்கு மீறி ஏற்றுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இதன் சூத்திரம் தெரியும். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து புண்ணாகும்; பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான். பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அப்போது கொக்கியில் ஓரளவு எடை இறங்கி, டிராக்டரின் பின்சக்கரம் மண்ணைப் பற்றும்.

கொக்கியில் எடை மிஞ்சினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது. பின்பாரம் மிஞ்சினால் கொக்கி மேலே இழுபடும், பின்சக்கரம் வழுக்கும், டிரெய்லர் வாலாட்டும். வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் வீட்டு வண்டி இழுப்பவர்கள், வில் கம்பிகள் கொண்ட கொக்கியைப் பொருத்தி, அந்த எடையில் ஒரு பங்கைக் காரின் முன்சக்கரத்துக்கும் வண்டியின் சக்கரத்துக்கும் பகிர்கிறார்கள். நம் டிராக்டரில் அந்த வேலையில் ஒரு பாதியை முன்பம்பரில் மாட்டும் எடைக்கட்டிகள் செய்கின்றன.

வண்டி கிளம்புமுன் கவனிக்க வேண்டியவை:

• டிரெய்லரை அதற்கான கொக்கியில் மட்டுமே மாட்டவும். டாப் லிங்க் இடத்தில் உயரமாக மாட்டி இழுத்தால், வயலிலிருந்து மேடேறும்போது டிராக்டரின் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழலாம்.

• கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசியும், கூடவே ஒரு சங்கிலியும் அவசியம்.

• சாலையில் இடது, வலது பிரேக் பெடல்களை இணைத்தே ஓட்டவும். தனித்தனியாக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

• இறக்கத்தில் கிளட்சை மிதிக்காமல், நியூட்ரலில் விடாமல், சிறு கியரில் இறங்கவும்.

• டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டவும்.

• மட்கார்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

ஒரு நடை கூடினால் டீசல் செலவு கொஞ்சம் கூடும். ஓட்டிப் போனவர் வீடு திரும்புவதுதான் பெரிய லாபம்.