அழித்த பதிவை யார் திருப்பித் தருவார்?

பி.காம் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித் தருகிற பாடம் இது: தப்பாக எழுதிவிட்டால் அழிக்காதே, திருத்தப் பதிவு போடு. ரப்பரும் ஒயிட்னரும் கணக்குப் புத்தகத்துக்கு ஆகாது. டேலியில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஆல்ட்+எக்ஸ் தட்டினால் வவுச்சர் ரத்தாகும், ஆனால் அதன் இடம் அப்படியே இருக்கும். ஆல்ட்+டி தட்டினால் வவுச்சரே போய்விடும். பரீட்சையில் இந்த வித்தியாசத்துக்கு இரண்டு மார்க் கிடைக்கும். வெளியே அதன் விலை எவ்வளவு என்பது என் சித்தப்பா மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

சித்தப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். 2022ல் ஒரு நாள் மதியம் சென்ட்ரிங் பலகை சரிந்து அவருக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் காலில் அடி. சேஃப்டி சூப்பர்வைசர் அங்கேயே டேப்லெட்டில் இரண்டு பதிவு போட்டார். ஒரே தேதி, ஒரே இடம், ஒரே தலைப்பு. சித்தப்பாவுக்கு 12 நாள் மருத்துவ விடுப்பு. திரும்பி வந்து வேலை செய்தார், ஆனால் பெருவிரல் மடங்கவே இல்லை. ஏழு மாதம் கழித்து இழப்பீடு பற்றிக் கேட்டால், "உங்கள் பெயரில் விபத்தே பதிவாகவில்லையே" என்று சைட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். யாரோ ஒருவர் இரண்டு பதிவையும் பார்த்து, ஒன்று டூப்ளிகேட் என்று நினைத்து அழித்திருக்கிறார். மிச்சமிருந்த ஒன்றை வைத்துத்தான் அரசாங்கத்துக்கும் அறிக்கை போயிருக்கிறது.

அன்று ராத்திரி போனில் சித்தப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏண்டா, நான் அடிபட்டது டூப்ளிகேட்டாம்ல?"

சிங்கப்பூர் சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பர் முதல், வேலையில் அடிபட்டு ஒரு நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிலாளி இழப்பீடு கேட்பதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. அதாவது சித்தப்பாவுக்கு மிச்சம் இருந்தது ஐந்து மாதம்.

சரி, அழித்தது திரும்ப வருமா? பெரும்பாலும் வரும். இன்றைய கட்டுமான மென்பொருள்களில் 'டெலீட்' என்றால் உடனே எரித்துச் சாம்பலாக்குவது இல்லை, குப்பைக்கூடையில் போடுவதுதான். அமெரிக்காவின் புரோகோரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 2002ல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த நிறுவனம் அது. அதில் அடிபட்டது, மயிரிழையில் தப்பியது, பொருள் சேதம், சுற்றுச்சூழல் பாதிப்பு என்று விபத்துகளை வகை பிரித்துப் பதியலாம். அழித்த பதிவு ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அட்மின் உரிமை உள்ளவர் அதைத் திறந்து, பதிவைக் கண்டுபிடித்து, மீட்கும் பட்டனை அழுத்தினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். சாதாரண உரிமை உள்ளவரால் அது முடியாது.

சித்தப்பா கம்பெனி எந்த மென்பொருள் வைத்திருந்தது என்பது இங்கே முக்கியமில்லை. தலைமை அலுவலகத்தில் அட்மின் உரிமை வைத்திருந்த ஒரு அக்கா பத்து நிமிடத்தில் மீட்டுக் கொடுத்தார். அதோடு விடாமல், படங்கள் எல்லாம் வந்திருக்கிறதா என்று பார்த்து, ஏன் மீட்டோம் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். (அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் நம்ம பாஷையில் நேரேஷன்!) தாமதமாக அறிக்கை போனது, கெடுவுக்குள் இழப்பீடும் கேட்டாயிற்று, கிடைக்கவும் செய்தது.

எல்லாம் சுபம்தானே, இதற்கு ஏன் ஒரு பதிவு என்கிறீர்களா? எனக்கு உறுத்துவது மீட்கும் பட்டன் அல்ல, அந்தப் பட்டன் யார் கையில் இருக்கிறது என்பதுதான். சித்தப்பாவுக்கு நடந்தது கவனக்குறைவு. ஆனால் பல சைட்டுகளில் வாசலிலேயே 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு போர்டு தொங்கும். அந்த எண் ஏறினால் பாராட்டு, இறங்கினால் கேள்வி. அந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளிடமே அழிக்கிற உரிமையும் கூடையின் சாவியும் இருந்தால் என்ன ஆகும்? பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக் கூடாது என்பது நாம் படிக்கிற ஆடிட்டிங்கின் அரிச்சுவடி. விபத்துப் பதிவுக்கும் அதே விதிதான் வேண்டும். பதிகிறவர் ஒருவர், அழிக்க அனுமதிக்கிறவர் வேறொருவர், கூடையை மாதாமாதம் திறந்து பார்க்கிறவர் இந்த இருவரும் இல்லாத மூன்றாம் ஆள்.

அமெரிக்காவில் ஓஷா விதிப்படி காயப் பதிவேட்டை அந்த ஆண்டு முடிந்த பிறகு 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சும்மா பூட்டி வைத்தால் போதாது, புதிதாகத் தெரியவந்த காயத்தையும் அதில் சேர்க்க வேண்டும். ஆண்டுச் சுருக்கத்தில் நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் டைரக்டர் கையெழுத்துப் போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு பதிவு குப்பைக்கூடையில் கிடக்கும்போது போடுகிற கையெழுத்து பொய்க் கையெழுத்துதான், அவருக்கே அது தெரியாவிட்டாலும்.

நம் ஊரில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடம் இருக்க வேண்டும், அந்த வசதியை அணைத்து வைக்கவும் கூடாது. ஆடிட்டர் அதைப் பார்த்துத் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் டீச் செலவுக்கே இவ்வளவு காவல். ஒரு மனுஷனின் கால்விரலுக்கு இதில் பாதியாவது வேண்டாமா?

வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் சில பேர் கட்டுமானக் கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் பக்கம் போய் உட்காரப் போகிறோம். சேர்ந்த முதல் வாரத்தில் சம்பளத் தேதியைக் கேட்கும்போதே, "அழித்த பதிவு எங்கே போகும், யார் திறக்கலாம்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் யாராவது வெளிநாட்டு சைட்டில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: அடிபட்டால் மருத்துவச் சீட்டைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பு, பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி அனுப்பு. சித்தப்பாவிடம் எண் இல்லை, ஆனால் சீட்டின் போட்டோ சித்தியின் வாட்ஸ்அப்பில் இருந்தது. அதில் இருந்த தேதியை வைத்துத்தான் அந்த அக்கா கூடையில் தேடினார்.