முதல் சீட்டிலேயே பேச்சு தொடங்குகிறது

மன்னார்புரத்தில் எங்களோடு பிரிட்ஜ் ஆட வரும் புதியவர்கள் ஏலம் கேட்பதை ஆசையாகப் படிக்கிறார்கள். தடுத்தாடுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

துருப்பில்லாத ஆட்டத்தில் கையிலுள்ள நீளமான ஜாதியின் நாலாவது பெரிய சீட்டை முதலில் இறக்குவது பழைய வழக்கம். அதற்குள் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் ஜோடி இஸ்பேட் 6 இறக்கினால், 11-இல் 6 போக மீதி 5. மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து 6-ஐ விடப் பெரிய இஸ்பேட் அவ்வளவுதான். மேசையில் விரித்து வைத்த டம்மி கையில் இரண்டு, உங்களிடம் இரண்டு என்றால் ஏலம் எடுத்தவரிடம் ஒன்றே ஒன்று!

அடுத்தது சைகை. பெரிய சீட்டைப் போட்டு 'இதையே தொடருங்கள்' என்பது பழைய முறை. சின்னதைப் போட்டு அதையே சொல்வது தலைகீழ் முறை. என் ஓட்டு தலைகீழுக்குத்தான். பின்னால் பிடி எடுக்கக்கூடிய 9-ஐ, 10-ஐ ஏன் இழக்க வேண்டும்?

எந்த முறையானாலும் எதிராளியிடம் மறைக்கக் கூடாது. சீட்டு மட்டுமே பேச வேண்டும். 2015-இல் இதை மீறியதாக எழுந்த மோசடிப் புகார்களால் பிரிட்ஜ் உலகமே கலங்கியிருந்தது. அந்த ஆண்டு சென்னையில் நடந்த உலகப் போட்டியில் போலந்தின் ஒரு ஜோடிக்குத் தந்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த அணியின் மீதி நால்வரே ஆடி பெர்முடா கிண்ணத்தை வென்றார்கள்.

ஜோடியாக ஆடுகிறவர்களே, முதல் சீட்டுக்கும் சைகைக்கும் உங்கள் முறை எது என்று அடுத்த ஆட்டத்துக்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.