கறுப்பனின் முழங்கைப் புண்



எங்கள் வீட்டுக் கறுப்பனுக்கு வயது 13. உடல் பருத்த நாய். பின்னங்கால் மூட்டுகளில் வலி வந்த பிறகு, கார் நிறுத்துமிடத்துச் சிமெண்டுத் தரையிலேயே பகலெல்லாம் படுத்துக் கிடந்தது. முதலில் இடது முழங்கையில் முடி உதிர்ந்து தோல் காய்த்தது. நான் பொருட்படுத்தவில்லை. பின்னர் அந்தக் காய்ப்பு வெடித்து, ஐம்பது சென் நாணயம் அளவுக்குப் புண்ணாயிற்று.

ஐந்து மாதங்கள் மருந்திட்டேன். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி, நுரை பொங்குவதைக் கண்டு மகிழ்ந்தேன். மஞ்சள் பூசினேன். ஒரு களிம்பு பயன் தராதபோது இன்னொரு களிம்பு வாங்கினேன். புண் ஆறுவதுபோல் தோன்றும். மறுவாரமே வாய் திறக்கும்.

கால்நடை மருத்துவர் புண்ணைப் பார்க்கும் முன்பே, "எங்கே படுக்கிறது?" என்று கேட்டார். எலும்புக்கும் தரைக்கும் நடுவில் தோல் நசுங்கி, இரத்த ஓட்டம் தடைபட்டு, அவ்விடத்துச் சதை மாள்கிறது என்றார். நுரைக்கும் மருந்தைத் தொடர்ந்து ஊற்றினால் புதிதாக முளைக்கும் சதையும் கெடுமாம். அறுவை செய்து தைத்தாலும், அதே தரையில் படுத்தால் தையல் பிரிந்துவிடுமாம். நான் களிம்பை மாற்றினேனே தவிர, தரையை மாற்றவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. 2016-ஆம் ஆண்டு என் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் கிடந்தபோது, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கத் தாதியர் எனக்குக் கற்றுக்கொடுத்தனர். அவர் முதுகில் ஒரு புண்கூட வராமல் காத்தேன். அவருடைய கட்டிலடியில் படுத்திருந்த நாய்க்கு, அந்த அறிவு எனக்கு ஏனோ உதவவில்லை.

தடித்த பஞ்சு மெத்தை வாங்கி, ஈரம் புகாத உறையிட்டோம். சிறுநீர் பட்டால் உடனே துடைத்து உலர்த்தினோம். கொதிக்க வைத்து ஆற்றிய அரை லிட்டர் நீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பிட்டுப் புண்ணைக் கழுவினோம். துணியைச் சும்மாடுபோல் வளையமாகச் சுருட்டி, முழங்கை எலும்பு அதன் நடுக்குழியில் அமையுமாறு கட்டினோம். கட்டு இறுகிப் பாதம் வீங்கினால் உடனே அவிழ்க்க வேண்டும். நம் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது என்பதும் மருத்துவரின் கண்டிப்பு. துர்நாற்றமோ சீழோ எலும்போ தென்பட்டால், வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான்.

புரட்டுவதுதான் பெரும்பாடு. இரவில் கடிகார மணி வைத்து நான் எழுவேன், கறுப்பன் உறுமுவான். நான் பள்ளியிலிருக்கும் நேரத்தில் அம்மா பார்த்துக்கொண்டார். அவரால் தூக்க முடியாது. ஒரு ரொட்டித் துண்டை மறுபக்கம் வைத்து, அவனையே எழுந்து திரும்பிப் படுக்கச் செய்துவிடுவார்! எனக்குத் தோன்றாத வழி.

புண் மூட 11 வாரங்களாயின. இப்போது முடியற்ற தழும்பு மட்டும் இருக்கிறது. வலது இடுப்பில் நேற்று முதல் தோல் சற்றுச் சிவந்துள்ளது. மணி பத்தாகிறது, அம்மா ரொட்டி டப்பாவைத் திறக்கும் ஓசை கேட்கிறது.